நாய்க்குட்டியும் எலும்பும்



உண்டு எஞ்சிய எலும்பை நாய்க்கு எறிதல் நம் இல்லங்களில் நெடுங்கால வழக்கம். எம் இல்லத்திலும் அவ்வாறே செய்தோம். மூன்று மாதக் குட்டியொன்று, நான் இட்ட கோழிக்கறி எலும்பை விழுங்கி, இரண்டு நாள் துன்புற்று மாண்டது. அன்போடு இட்டதே அதற்குக் கேடாயிற்று.

காரணம் யாது? வெந்த எலும்பு நெகிழ்ச்சி இழந்து, கடிக்குங்கால் ஊசிபோற் பிளந்து குடலைக் குத்தும். பச்சையெலும்பு அத்துணை எளிதிற் பிளவாது. எனினும் அதுவும் தீங்கற்றதன்று. எலும்பே வேண்டாவெனக் கூறும் மிருக வைத்தியர் பலர்.

கொடுப்பதாயின் சில கருத்திற் கொள்க. குட்டிக்குள்ள 28 பாற்பற்களும் ஏறக்குறைய ஏழு மாதத்துள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும். மாட்டுக் காலெலும்பு போன்ற கடிய எலும்பு பல்லை முறிக்கும். முழுதாக விழுங்க இயலாத அளவினதாய், தசை ஒட்டிய எலும்பைத் தெரிக. பத்து நிமிடம் கடித்தபின், வேறு தின்பண்டம் காட்டி அதனை மீட்டெடுக்க. பச்சை இறைச்சியிற் சல்மனெல்லாக் கிருமி இருத்தல் கூடும். ஆதலின் கைகளையும் நிலத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. குட்டி வாந்தியெடுத்தாலோ, மலங்கழிக்க முக்கினாலோ, தாமதியாது மிருக வைத்தியரை நாடுக.

இன்று எம் இல்லத்தில் ஒரு விதி உண்டு: குட்டிக்கு எலும்பு இட்டவர், அதனைத் திரும்ப எடுக்கும்வரை அருகிலிருந்து அகலலாகாது. அவ்விதி எனக்கென யானே வகுத்தது.