பள்ளி மாற்றும் முன் ஒரு கணக்கு

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு மாணவர்கள், பெற்றோர் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"உயர்கல்வி வழிகாட்டின்னு போட்டிருக்கீங்க. பத்தாவது பிள்ளைங்களுக்கு எதுக்கு? பிளஸ் டூ முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாமே" என்று வாசலில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். அதனால் முதலில் எங்கள் வீட்டுக் கதை.

2022-ல் என் தங்கை அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்தாள். நல்ல மார்க். "இவ்வளவு மார்க் எடுத்த பிள்ளையை இங்கேயே விடலாமா, தனியார் ஸ்கூல்ல போடுங்க" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து இரண்டு வருஷம் ஃபீஸ் கட்டினோம். 2024-ல் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று குறித்தோம். அந்த 'இல்லை'க்கு என்ன விலை என்று அதற்குப் பிறகுதான் விசாரித்தோம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் வரைக்கும் விரிந்தது. அந்த இடங்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயேதான் போட்டி. அப்படிப் பொறியியலில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நாங்கள் நகையை வைத்து வாங்கிக் கொடுத்தது, அந்தப் போட்டியிலேயே நிற்க முடியாத நிலையை.

அடுத்தது புதுமைப்பெண் திட்டம். மாதம் 1,000 ரூபாய், மாணவியின் வங்கிக் கணக்கிலேயே வரும். அதுவும் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு இதே போலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

சரி, முதல் பட்டதாரி சலுகையாவது கிடைக்குமா என்று பார்த்தோம். குடும்பத்தில் ஏற்கெனவே யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. முந்தைய வருஷம்தான் நான் வாங்கியிருந்தேன். தங்கை 'முதல்' இல்லை. இதில் யார் மேலும் தப்பு இல்லை, விதி அப்படி. ஆனால் அவள் பள்ளி மாறிய வருஷம், நான் கல்லூரியில் செய்தி சேகரிப்பது எப்படின்னு பாடம் படிச்சிட்டிருந்தேன். எங்க வீட்டுக்கு வேண்டிய செய்தியைப் போய்க் கேட்கத் தோணலை. அது இன்னும் உறுத்துது.

தனியார் பள்ளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். இந்தப் பக்கம் இரண்டு வருஷ ஃபீஸ், வட்டி. அந்தப் பக்கம் கைவிட்டுப் போகிற சலுகை. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: அங்கே தமிழ் வழியில் படித்தால் அந்த 1,000 ரூபாய் உண்டு, 7.5 கிடையாது. இரண்டும் ஒன்று என்று நிறைய பேர் நினைக்கிறார்கள்.

பிளஸ் ஒன்னில் குரூப் எடுப்பதும் இதே மாதிரிதான். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதம் கஷ்டம் என்று இன்றைக்கு விட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்துக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கேட்டால் முடியாது. மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும். என்ன படிப்பது என்று இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு, தாங்க முடியுமானால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் நல்லது என்பது என் கருத்து. ஐந்து வருஷ சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் தடையில்லை. வணிகவியல் எடுக்கிறவர்களிடம் இதை யாரும் சொல்வதே இல்லை.

இன்னும் இரண்டு வருஷம் பள்ளியில் உட்கார முடியாது, சீக்கிரம் சம்பாதிக்கணும்னு நினைக்கிறவங்களும் இங்கே இருப்பீங்க. பத்தாவது முடித்ததும் மூன்று வருஷப் பாலிடெக்னிக் சேரலாம். டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் வருஷம். ஐடிஐ முடித்தால் டிப்ளமோ இரண்டாம் வருஷத்துக்குப் போகலாம். அரசு ஐடிஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களில் ரோபோடிக்ஸ் மாதிரி புதுப் பிரிவுகள் வந்திருக்கின்றன. "மார்க் வராதவன்தான் ஐடிஐ போவான்" என்கிற பேச்சை வீட்டில் நிறுத்துங்க. பிள்ளை காதில் விழுது.

பெற்றோர் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன், பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது தலைமையாசிரியரிடம் சொன்னால் திருத்திவிடலாம். மார்க் ஷீட் அச்சாகிவிட்டால் அலைச்சல். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அதை விண்ணப்பிக்கிற நேரத்தில் எடுத்தால் போதும்.

சந்தேகத்துக்கு 14417-க்குப் போன் பண்ணலாம். இப்போ வாசல்ல கேட்ட ஐயா எங்கே உட்கார்ந்திருக்கீங்க? உங்க பொண்ணு என்ன குரூப் எடுக்கணும்னு சொல்லுது? முதல்ல அதையே பேசலாம்.