பயிற்சி யாருக்காக?



நம் பையன் மில்லில் மெஷின் ஓட்டுகிறான். ஆனால் 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, பயிற்சி பெறுகிறவன் தொழிலாளியே அல்ல என்கிறது.

2008-ல் பயிற்சிக்குப் பணம் வழங்க தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் வந்தது. அதில் சர்க்கார் பங்கு 49 சதவீதம்; தனியார் பங்கு 51!

2014-ல் அப்ரண்டிஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலை நேரத்தை நிர்ணயிப்பது முதலாளி. பயிற்சி முடித்தவனை வேலைக்கு எடுக்கும் கொள்கையை வகுப்பதும் முதலாளி. சட்டத்தை மீறும் முதலாளிக்குச் சிறை என்றிருந்ததையும் எடுத்துவிட்டு, அபராதத்தோடு விட்டார்கள்.

தொழில் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. கற்றவனுக்கு வேலை வேண்டும்; செய்த வேலைக்கு முழுக் கூலி வேண்டும்; கொள்கை வகுக்கும் இடத்தில் தொழிலாளிக்கும் குரல் வேண்டும்.

நம் மில்லில் எத்தனை அப்ரண்டிஸ்கள், எத்தனை வருஷமாக? நாளைக்கே கணக்கெடுப்போம். அவர்கள் பக்கம் நிற்போம்!