பாடுகிறவர் பாடினால் போதுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே!

"பாட்டுக்காரருக்கு அரசியல் எதற்கு?" என்ற தலைப்பை நம் இளைஞர்கள் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஒரு பாடகர் அரசியலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நேற்றுவரை தோளில் கை போட்டுக்கொண்டு அவர் பாட்டைக் கேட்டவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். இது ஏன் நடக்கிறது, இதனால் லாபம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். அதற்கு நாம் அமெரிக்கா வரை போய் வருவோம். நம் வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசினால் நமக்கே கண் சிவந்துவிடும். தூரத்துச் சண்டையை நிதானமாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் "கன்ட்ரி" என்று ஓர் இசை உண்டு. கிராமத்து மக்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பண்ணையில் உழைக்கிறவர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு. டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றிய "டிக்ஸி சிக்ஸ்" என்ற மூன்று பெண்களின் குழு அதில் கொடிகட்டிப் பறந்தது. 2003 மார்ச் 10ஆம் தேதி இந்தக் குழு லண்டனில் ஒரு அரங்கத்தில் பாடியது. ஈராக்கின் மீது படையெடுக்க அமெரிக்கா தயாராகிக்கொண்டிருந்த நேரம். மேடையில் இருந்த நாடலி மேன்ஸ் என்ற பாடகி, இந்தப் போரை நாங்கள் விரும்பவில்லை, அமெரிக்க ஜனாதிபதி எங்கள் டெக்சாஸ்காரராக இருப்பது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அந்த ஜனாதிபதி ஜார்ஜ் புஷ். பத்தே நாளில் போர் தொடங்கிவிட்டது.

அதற்கு முன்பே நாடு இரண்டாகத்தான் கிடந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் வெறும் 537 ஓட்டு வித்தியாசம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மறு எண்ணிக்கை நிறுத்தப்பட்டு, புஷ் ஜனாதிபதியானார். 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல். அதன் பிறகு ஜனாதிபதியை எதிர்ப்பவர் நாட்டையே எதிர்ப்பவர் என்கிற காற்று வீசியது. காய்ந்த வைக்கோல் போர் தயாராக இருந்தது. லண்டன் பேச்சு தீக்குச்சியாக வந்து விழுந்தது.

அப்புறம் என்ன நடந்தது? ரசிகர்கள் கொதித்தார்கள். லூசியானா மாநிலத்தில் ஓர் ஊரில் அந்தக் குழுவின் இசைத்தட்டுகளைக் குவித்து டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். அந்த வாரம் கன்ட்ரி பாட்டு வரிசையில் முதல் இடத்தில் இருந்தது இந்தப் பெண்களின் பாட்டுதான். என்ன பாட்டு தெரியுமா? வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி வராத ஓர் இளம் சிப்பாயைப் பற்றிய பாட்டு. சிப்பாயின் மரணத்துக்காகக் கண்ணீர் வடித்த பாட்டை, சிப்பாய்களை அவமதித்தார்கள் என்று சொல்லி வானொலியிலிருந்து இறக்கினார்கள். சில நாட்களில் நாடலி மேன்ஸ், ஜனாதிபதி பதவிக்கு உரிய மரியாதையைக் குறைத்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். தீ அடங்கவில்லை.

தோழர்களே, கொதித்த ரசிகர்களை நாம் முட்டாள்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அவர்கள் பக்கத்தையும் கேட்போம். கன்ட்ரி பாட்டு கேட்கும் ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகள் ஏராளம். பெற்ற பிள்ளை பாலைவனத்தில் துப்பாக்கியோடு நிற்கும்போது, வெளிநாட்டு மேடையில் இப்படிப் பேசினால் பெற்றவர்களுக்கு வலிக்காதா? வலிக்கும். உன் பாட்டு எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு ரசிகருக்கு முழு உரிமை உண்டு. அது அவர் காசு, அவர் காது. ஜனாதிபதி புஷ்ஷும் இதையேதான் சொன்னார்: அவர்கள் பேச உரிமை உள்ளவர்கள், மக்கள் இசைத்தட்டை வாங்கவில்லை என்று அவர்கள் வருத்தப்படக் கூடாது என்று.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

க்யூமுலஸ் என்று ஒரு கம்பெனி. அதனிடம் 42 கன்ட்ரி வானொலி நிலையங்கள் இருந்தன. அத்தனை நிலையங்களிலும் 30 நாள் இந்தப் பெண்களின் பாட்டைப் போடக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். கொலராடோ மாநிலத்தில் வேறொரு நிலையத்தில் இந்தப் பாட்டைப் போட்ட இரண்டு அறிவிப்பாளர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். இது ரசிகர் கோபமா, முதலாளி உத்தரவா? அந்த ஊரில் இந்தப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்ட ரசிகர்களும் இருந்தார்களே, அவர்களை யார் கேட்டார்கள்?

ஒரு கம்பெனிக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1996இல் கொண்டுவந்த ஒரு சட்டத்திலிருந்து வந்தது. அதுவரை அமெரிக்கா முழுவதிலும் ஒரு கம்பெனி இத்தனை வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வரம்பு இருந்தது. 1996 சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கத் தொடங்கியது. கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனி 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிவிட்டது. ரயில்வேயில் இருக்கிற நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தன் ஸ்டேஷனில் சிக்னலை நிறுத்தினால் ஒரு வண்டி நிற்கும். நாட்டிலுள்ள கேபின் எல்லாம் ஒரே ஆள் கையில் இருந்தால்? அவர் விரும்பாத வண்டி எந்த ஊருக்கும் போய்ச் சேராது.

2003 ஜூலையில் அமெரிக்க செனட் சபைக் குழு ஒன்று இதை விசாரித்தது. குழுவுக்குத் தலைவர் ஜான் மெக்கெய்ன். அவர் புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர், ஈராக் போரை ஆதரித்தவர், வியட்நாமில் போர்க் கைதியாக இருந்தவர். அந்தப் பெண்களின் பேச்சு அவருக்குப் பிடித்த பேச்சாக இருக்க வழியே இல்லை. ஆனாலும் ஒருவர் அரசியல் கருத்துச் சொன்னதற்காக, கம்பெனித் தலைமையிடத்திலிருந்து எல்லா நிலையங்களிலும் வாயை அடைப்பது தவறு என்று வானொலி முதலாளியின் முகத்துக்கு நேராகக் கேட்டார். கருத்து வேறு, உரிமை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனிதர்!

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மெர்ல் ஹாகர்ட் என்ற பாடகர். இவரை நம் ஆள் என்றே சொல்லலாம். 1930களில் ஓக்லஹோமா மாநிலத்தில் வறட்சி, புழுதிப் புயல், கடன். நிலத்தை விட்டுவிட்டு லட்சக்கணக்கானோர் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் "ஓக்கி". பஞ்சப் பரதேசி என்கிற ஏளனம் அதில் இருந்தது. "மதராசி" என்று நம்மைக் கூப்பிடும்போது சிலர் குரலில் வருமே, அதே ஏளனம். ஹாகர்ட்டின் குடும்பம் அப்படிப் போன குடும்பம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். பழைய சரக்கு ரயில் பெட்டி ஒன்றை வீடாக்கிக் குடியிருந்தார்கள். 1937இல் ஹாகர்ட் பிறந்தபோது அதுதான் வீடு. இளம் வயதில் திருடி, சிறைக்குப் போய், வெளியே வந்து பாடகரானார். 1969இல் வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்களைக் குத்திக்காட்டி, ஓக்கி என்ற ஏச்சுப் பெயரையே பெருமையாகச் சூடிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார். நாடே எழுந்து நின்றது. 1973இல் ஜனாதிபதி நிக்சனின் வெள்ளை மாளிகையிலேயே பாடினார்.

அப்படிப்பட்டவர் 2003இல் என்ன செய்தார்? அந்தப் பெண்களை எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு கருத்தைச் சொன்னதற்காக நாடே அவர்கள் மேல் பாய்வது, முந்தைய போர்களில் உயிரைக் கொடுத்தவர்களுக்கு அவமானம் என்ற பொருளில் எழுதினார். போன இடத்தில் ஏச்சுக் கேட்டு வளர்ந்தவருக்குத் தெரியும், கூட்டம் சேர்ந்து ஒருவரை ஏசுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று.

அந்தப் பெண்கள் ஓடி ஒளியவில்லை. 2003 மே மாதம் தென் கரோலினா மாநிலத்தில் கச்சேரி. ஊளையிட விரும்புகிறவர்கள் ஊளையிடலாம் என்று நாடலி மேன்ஸ் மேடையிலேயே நேரம் கொடுத்தார். அரங்கம் கைதட்டி ஆரவாரம் செய்தது. ஜூலையில் டல்லாஸ் நகரில் கொலை மிரட்டல் வந்தது. போலீஸ் காவலோடு பாடினார்கள். 2006இல், அன்று கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கினார் மேன்ஸ். சமாதானமாகிவிட மாட்டோம் என்று ஒரு பாட்டே வெளியிட்டார்கள். 2007இல் அவர்களுக்கு ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. அதற்குள் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் எதுவும் குவித்து வைக்கப்படவில்லை என்பது உலகுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அவர்களைக் கொண்டாடிய கன்ட்ரி வானொலி பழையபடி திறக்கவில்லை. அந்தக் கதவு மூடியது மூடியதுதான்.

இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று ஒரு பாடகர், பஸ் டிரைவரின் மகன். வியட்நாமிலிருந்து திரும்பி வேலையில்லாமல் அலையும் சிப்பாயைப் பற்றி அவர் பாடியதைப் பலர் தேசபக்திப் பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். 1984 தேர்தலில் ஜனாதிபதி ரீகன் அவர் பெயரைச் சொல்லியே பேசினார். 2004இல் அவரும் டிக்ஸி சிக்ஸும் வேறு பலரும் புஷ்ஷைத் தோற்கடிக்க ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். புஷ்தான் மறுபடி ஜெயித்தார்! பாட்டைக் கேட்டுக் கைதட்டியவர்கள் எல்லாரும் ஓட்டையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 2025 மே மாதம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன் டிரம்ப் அரசைக் கடுமையாகச் சாடினார். டிரம்ப் பதிலுக்கு ஏசினார். ரசிகர்கள் மறுபடி இரண்டு அணி. நாற்பது வருடமாக அவர் பாட்டைக் கேட்ட இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

நமக்கு இது புதிதா? 1972இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டுத் தனிக் கட்சி கண்டபோது ரசிகர் மன்றங்களே கட்சிக் கிளைகள் ஆயின. திரைக்கு முன்னால் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் பலர் தெருவில் எதிரெதிராக நின்றார்கள். நம் பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆகவே தோழர்களே, மூன்று விஷயத்தைப் பிரித்து மனத்தில் வைப்போம். உன் கருத்து எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வது விவாதம். அது சங்கத்துக்கு மூச்சு. உன் பாட்டை நான் வாங்க மாட்டேன் என்பது என் விருப்பம். அதில் யாரும் தலையிட முடியாது. உன்னை யாருமே கேட்கக் கூடாது, நீ பிழைக்கவே கூடாது என்பது அடக்குமுறை. முதல் இரண்டும் ஜனநாயகம். மூன்றாவதை யார் செய்தாலும், நமக்குப் பிடித்த கட்சியே செய்தாலும், எதிர்க்க வேண்டும்.

ஏன் தெரியுமா? "நீ பாடகி, பாடு, அரசியல் பேசாதே" என்று அங்கே சொன்ன வார்த்தையை நாம் இங்கே தினம் கேட்கிறோம். "நீ பிழைக்க வந்தவன், வேலையைப் பார், வாயை மூடு." ரேஷன் கார்டு கேட்டால் இந்தப் பதில். குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டால் இந்தப் பதில். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வாத்தியார் ஏன் இல்லை என்று கேட்டால் இந்தப் பதில். பாடுகிறவரின் வாயை மூடலாம் என்று நாம் ஒப்புக்கொண்டால், மூட்டை தூக்குகிறவரின் வாயை மூடுவதை எந்த நியாயத்தில் எதிர்ப்போம்?

நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறோம். இருக்க வேண்டும். 1974 மே மாதம் ரயில்வே தொழிலாளர் 20 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது சோஷலிஸ்டு, கம்யூனிஸ்டு, ஜனசங்கம் என்று பல கொடிகளின் கீழ் இருந்த சங்கங்கள் ஒரே குழுவாக நின்றன. கொள்கையை யாரும் தலைமுழுகிவிடவில்லை. கோரிக்கையில் ஒன்றாக நின்றார்கள். நாமும் தேர்தல் நாளில் அவரவர் சின்னத்துக்கு ஓட்டுப் போடுவோம். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் ஒரே வரிசையில்தான் நிற்கப்போகிறோம்.

இந்தத் தலைப்பில் பேச ஆசைப்படுகிற இளைஞர்கள், குறிப்பாக இந்த உரையை மறுத்துப் பேச ஆசைப்படுகிறவர்கள், இப்போதே மேடைக்கு வரலாம். எல்லாருக்கும் சம நேரம்.