துருவ ஒளியும் வெற்றுத் தகடுகளும்

 

1882ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள கௌடோகெய்னோ என்னும் சிற்றூருக்கு ஓர் ஆசிரியர் வந்து சேர்ந்தார். சோபஸ் டிராம்ஹோல்ட் என்பது அவர் பெயர். டென்மார்க்கைச் சேர்ந்தவர், நார்வேயில் பள்ளியாசிரியராய் இருந்தவர். பல நாடுகள் ஒன்றுகூடித் துருவப் பகுதிகளை ஆராய்ந்த முதல் அனைத்துலகத் துருவ ஆண்டு அது. குளிர்காலத்தின் நடுவில் பல வாரங்கள் கதிரவன் எழாத அவ்வூரில், துருவ ஒளியின் உயரத்தை அளப்பதே அவர் நோக்கம். வடக்கே போசெகொப் என்னும் ஊரிலும் நோக்கர்கள் இருந்தனர். இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே ஒளியை நோக்கி, கோணங்களை ஒப்பிட்டால் உயரம் கிடைக்கும். அந்த ஒளி மலையுச்சியைத் தொடுகிறது என்றும், வீட்டுக் கூரையளவு தாழ்கிறது என்றும் மக்கள் பேசிக்கொண்ட காலம் அது.

ஒளிப்படக் கருவியையும் அவர் உடன் கொண்டுவந்திருந்தார். வானத்தை நோக்கி அதனை நிறுத்தி, நிமிடக்கணக்கில் திறந்துவைத்தார். தகட்டில் ஒன்றும் பதியவில்லை. மீண்டும் முயன்றார், மீண்டும் வெறுமைதான். தமிழில் இக்கலைக்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. அந்தத் தகடுகளுக்கு மூன்றில் ஒன்றும் பொருந்தாது.

குறை அவரிடம் இல்லை. கதிரவனிடமிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோத, அங்குள்ள ஆக்சிஜன் அணுக்கள் பெரும்பாலும் பச்சை ஒளியை உமிழ்கின்றன. அக்காலத்துத் தகடோ நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணரும். பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருளே. வானம் முழுதும் பற்றி எரிந்த ஒளி, தகட்டின் முன்னே இல்லாத ஒன்றாய் நின்றது. ஒளி மங்கலானது, அசைந்துகொண்டே இருப்பது என்னும் இடர்கள் வேறு.

வானம் பதியாத அக்கருவியை டிராம்ஹோல்ட் அவ்வூர் மக்கள்பால் திருப்பினார். அவர்கள் கலைமான் மேய்த்து வாழும் சாமியர். (தமிழ்ச் செவிக்கு வேறு பொருள் தரும் பெயர், அவர்கள் தங்களைக் குறிக்கும் சொல்லே இது.) பழங்குடி மக்களை மண்டையோட்டின் அளவாகவும் இனத்தின் மாதிரியாகவும் மட்டுமே படமெடுத்து, பெயரின்றி எண்ணிட்டு வைப்பது அந்நாளைய ஆய்வுலகில் பரவியிருந்த வழக்கம். டிராம்ஹோல்ட் எடுத்த படங்களில் முதியவரும் இளையவரும் குழந்தைகளும் தத்தம் உடையில் நிமிர்ந்து நோக்குகின்றனர். படத்திலிருப்போரின் பெயர்களையும் அவர் குறித்துவைத்தார். துருவ ஒளியின் ஒரு கீற்றையேனும் கொணரக் கூடாதா என்று ஏங்கியவர்க்கு, அம்முகங்கள் ஆறுதலாய் இருந்தனவோ இல்லையோ, அப்பெயர்களைக் குறித்த கை பாராட்டுக்குரியது.

பச்சையையும் உணரும்படி சாயமூட்டிய தகடுகள் பின்னர் வந்தன. 1892 சனவரியில், அதே போசெகொப்பில், செர்மானியராகிய மார்ட்டின் பிரெண்டெல் துருவ ஒளியின் முதல் தெளிவான படத்தை எடுத்தார். அதன்பின் நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. 1899இல் டென்மார்க்கின் அறிஞர் குழுவொன்று துருவ ஒளியை ஆராய ஐசுலாந்துக்குச் சென்றபோது, ஹாரல்டு மோல்ட்கே என்னும் ஓவியரையும் அழைத்துச் சென்றது. படம் எடுக்கவியலும் என்று நிறுவப்பட்ட பின்னரும், நிறத்திற்கும் அசைவிற்கும் ஓவியர் தேவைப்பட்டார்! அவர் இருளில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பின்னர் வண்ணம் தீட்டினார்.

உயரக் கணக்கை முடித்துவைத்தவருள் தலையாயவர் நார்வேயின் கணிதப் பேராசிரியர் கார்ல் ஸ்டோர்மர். 1910 முதல், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரு கருவிகளை நிறுத்தி, தொலைபேசிவழி ஒரே நொடியில் படமெடுக்கச் செய்தார். இரு படங்களிலும் விண்மீன்கள் ஒன்றாயிருக்க, ஒளி மட்டும் இடம்பெயர்ந்து தெரியும். அப்பெயர்ச்சியிலிருந்து, ஒளித்திரையின் கீழ்விளிம்பு பெரும்பாலும் 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி நிற்கிறது எனக் கண்டார். இவர் மாணவப் பருவத்தில் சட்டைக்குள் கருவியை மறைத்து, பொத்தான் துளைவழியே தலைநகரின் தெருவில் நடப்போரைப் படமெடுத்தவர். நாடகாசிரியர் இப்சனும் அறியாமலே அதில் அகப்பட்டார். பெயர் கேட்டு எழுதிய டிராம்ஹோல்ட் எங்கே, குறும்புக்கார மாணவர் எங்கே என்று கேட்கத் தோன்றினும், இப்சன் நடந்த நடை அக்குறும்பினால்தான் கிடைத்தது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. எண்மக் கருவியை முக்காலியில் நிறுத்தி, விண்மீன் ஒன்றின்மேல் குவித்து, பத்து நொடி திறந்துவைத்தால் போதும். கண்ணுக்கு எட்டாத சிவப்பும் ஊதாவும் படத்தில் வந்து நிற்கின்றன. மங்கலான இருளில் பணிபுரியும் விழியணுக்கள் நிறமறியாதவை. ஆகவே மெல்லிய துருவ ஒளி நேரில் வெண்சாம்பல் முகிலாகவே தோன்றும். வலுத்தால்தான் பச்சை புலப்படும். மறுபுறம், நொடிக்கு நொடி மடிந்து விரியும் திரையின் அசைவு அந்தப் பத்து நொடியில் குழைந்து ஒரே படலமாகிவிடும். தகடு அன்று காணாததைக் கண் கண்டது. இன்று கண் காணாததைக் கருவி காண்கிறது, கண் கண்டதை அதுவும் இழக்கிறது.

நாட்காட்டிப் படத்தைப் பார்த்துத் துருவ ஒளியைப் பாடும் கவிஞர்கள் இன்று உளர். பாடுவதில் குற்றமில்லை. ஆனால் அக்கவிதைகளில் நிறங்கள் வரிசையாய் வருகின்றன. அசைவு வருவதில்லை, குளிர் வருவதில்லை, நெடுநேரம் காத்திருந்தும் முகில் மூடிய இரவு வருவதில்லை. படத்தில் இல்லாதது பாட்டிலும் இல்லை. அந்த ஒளியின்கீழ்த் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த சாமியரோ, அது வானில் ஆடும்போது சீழ்க்கையடிக்கலாகாது என்று தம் குழந்தைகளுக்குச் சொல்லிவந்தனர். அவர்களுக்கு அது காட்சி மட்டுமன்று, செவிமடுக்கும் ஒன்றும்கூட.

டிராம்ஹோல்ட் 1896இல் மறைந்தார். அவருடைய ஒளிப்படத் தொகுப்பு நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. கௌடோகெய்னோ மக்கள் இன்றும் அதில் தத்தம் பெயர்களோடு இருக்கின்றனர்.