ஓரறிவுயிரும் ஒளியும்



புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது தொல்காப்பிய மரபியல். அவ்வோர் அறிவு தொட்டுணர்வதாகும். அங்ஙனமாயின், கண்ணில்லாத பயிர் ஒளியை அறிவது எவ்வாறு?

திண்டிவனத்தின் பழம்பெயர் திந்திரிணிவனம் என்பர். திந்திரிணி என்பது புளி. அந்தியில் புளியமரத்தின் சிற்றிலைகள் இணை இணையாகக் கூம்புகின்றன, காலையில் விரிகின்றன. சிற்றிலையின் அடியிலுள்ள சிறு புடைப்பில் நீர் ஏறுவதும் இறங்குவதும் இவ்வசைவை நிகழ்த்துகின்றன. மரத்தின் உள்ளே இயங்கும் நாட்கணக்கும் வெளியே மாறும் ஒளியும் அதனை நெறிப்படுத்துகின்றன.

ஒளியை ஏற்பவை நிறமிப் புரதங்கள். பைட்டோகுரோம் செந்நிற ஒளியையும் அதற்கு அப்பாலுள்ள தொலைசிவப்பு ஒளியையும் உணரும். கிரிப்டோகுரோம், போட்டோட்ரோபின் ஆகியவை நீல ஒளியை உணரும். புல்முளையின் நுனியை மூடிவிட்டால் அது ஒளியை நோக்கி வளைவதில்லை என்பதைச் சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிசுடன் ஆராய்ந்து 1880இல் வெளியிட்டார். அவ்வளைவுக்குக் காரணம் போட்டோட்ரோபின் என்பது பின்னர்த் தெளிந்தது.

ஒளி பட்டதும் நிறமி தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. அம்மாற்றமே உயிரணுவுக்குச் செய்தி. எனவே பயிர் ஒளியைக் காண்பதில்லை. ஒளி தன்னைத் தீண்டுவதை உணர்கிறது எனலாம். முன்னோர் இந்நிறமிகளை அறிந்திருந்தனர் என்பது மிகை. அவர்கள் வகுத்த சொல் இன்றும் பொருந்தி நிற்கிறது என்பது மிகையன்று.

விழுப்புரம் வட்டாரத்தில் ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. அச்சிறு வேறுபாட்டையும் பழைய சம்பா நெல்வகைகள் பல உணர்கின்றன. விதைப்பு முன்பின்னாக நிகழ்ந்தாலும், இரவு நீளும் பருவத்தை எதிர்பார்த்தே அவை கதிர் வாங்குகின்றன. அவை அளப்பது பகலையன்று, இடையறாத இருளை. நள்ளிரவில் சிறிது நேரம் செவ்வொளி பட்டாலும் அக்கணக்குப் பிழைத்துப் பூப்பு தாழும். தெருவிளக்கின் ஒளி விடியும்வரை விழும் வயலோரத்தில் இத்தகைய பயிர் கதிர்விடப் பிந்துவதும் இதனாலேயே.

இருளும் பயிருக்கு உணவு போன்றதொரு தேவை. ஓரறிவுயிருக்கும் ஊறு செய்யாமை அறமெனக் கொண்டோர், விழா முடிந்த இரவில் மரங்களில் கட்டிய மின்விளக்குகளை மறவாது அணைத்தல் வேண்டும். சிறு செயல்தான், ஆயினும் வாய்பேசாத உயிரின் உறக்கத்தைக் காப்பதும் அறமே.