ஓசைக்கு உருவம் உண்டா?

‘தடித்த குரல்’ என்கிறோம். ‘கூரிய ஓசை’ என்கிறோம். ‘மேல் ஸ்தாயி’, ‘கீழ் ஸ்தாயி’ என்கிறோம். குரலுக்குத் தடிப்பு ஏது? ஓசைக்கு மேலும் கீழும் ஏது? காதால் கேட்டதைக் கண்ணுக்குரிய சொற்களால் கூறுவது நமக்கு இயல்பாகிவிட்டது.

இச்சொற்கள் செய்வதையே தூரிகையால் செய்ய முயன்றவை ராகமாலா ஓவியங்கள். வட நாட்டில் வாழும் நம்மவர் அருங்காட்சியகங்களில் இவற்றைக் கண்டிருக்கக்கூடும். ராகங்களை ஆணாகவும் பெண்ணாகவும் தீட்டிய தொகுதிகள் இவை; பெரும்பாலும் தொகுதிக்கு 36 படங்கள். காசிக்கு அருகே சுனாரில் 1591இல் வரையப்பெற்ற தொகுதி புகழ் வாய்ந்தது. மேக ராகத்திற்குக் கருமுகிலும் மழையும், ஹிண்டோளத்திற்கு ஊஞ்சல், தோடிக்கு வீணை ஏந்திய நங்கையும், இசையில் மயங்கி நிற்கும் மான்களும்.

அத்தோடியை நமது தோடி என்று எண்ணிவிடலாகாது. இன்றைய இந்துஸ்தானித் தோடியின் ஸ்வரங்கள் நமது சுபபந்துவராளியை ஒத்தவை. நமது தோடியின் ஸ்வரங்களுக்கு அங்கே பைரவி என்று பெயர். மானும் நங்கையும் ஸ்வரத்தில் தாமே பிறந்தவை அல்ல. கவிகள் பாடி, ஓவியர் பின்பற்றிய மரபு அது.

அவ்வாறாயின், ஓசைக்கும் உருவத்துக்கும் உள்ள உறவு முழுவதும் கற்பனைதானா? அன்று. உருண்டு வளைந்த உருவம் ஒன்று, முள்முள்ளாகக் கூர்ந்த உருவம் ஒன்று. இவற்றுள் ‘பூபா’ எது, ‘கிகி’ எது? நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001இல் இதனை எழுதினர். அமெரிக்க மாணவராயினும் தமிழ் பேசுவோராயினும், பெரும்பாலோர் உருண்டதையே பூபா என்றனர். பூபா என்கையில் இதழ் குவிகிறது. கிகி என்கையில் நா அண்ணத்தில் வெடுக்கென மோதுகிறது. தாழ்ந்த ஓசையை இருளோடும், உயர்ந்த ஓசையை ஒளியோடும் இணைப்பதும் பலர்க்கு இயல்பே. மேக ராகத்தின் கருமுகில் நம் மனத்தில் எளிதில் பதிவதற்கு இதுவும் துணையாகலாம்.

ஆகவே இசையில் இரண்டு உண்டு: பயின்று அறியவேண்டிய மரபு ஒன்று; பயிலாமலே புலன்கள் உணரும் உறவு மற்றொன்று. முன்னதற்கு அண்டை வீட்டாரிடம் நாம் மாணவராக வேண்டும். பின்னதில் அவரும் நாமும் ஒரே வீட்டார்.

இன்று மாலை ஒரு சோதனை செய்து பார்ப்போமாக. நாகஸ்வரத்தையும் ஷெனாயையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, நம் குழந்தைகளையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் கேட்டதைக் கோடுகளாக வரையச் சொல்வோம். பின்னர் அத்தாள்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, எது யாருடையது என்று சொல்ல முயல்வோம்.