“பிளாங்க் பார்த்தியாப்பா?”

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலாண்டு வேதியியல் லேப் ஞாபகம் இருக்கிறதா? கலரிமீட்டர் ரீடிங்கைக் கொண்டுபோய் நீட்டினால், சார் நோட்டைத் திறக்கவே மாட்டார். “பிளாங்க் பார்த்தியாப்பா?” என்பார். ‘இவருக்கு வேற வேலையே இல்லடா’ என்று கேன்டீனில் சிரிப்போம். அந்தக் கேள்விதான் பிற்பாடு என் இரண்டு வருட உழைப்பைக் காப்பாற்றியது.

நான் வேலை பார்த்த இடத்தில் கார்பன் நானோகுழாய் கலந்த பூச்சு ஒன்றைத் தயாரித்தோம். அந்தத் தூள் மூச்சில் போனால் ஆபத்தா என்று பார்க்க வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். நுரையீரல் செல்களில் பாதி செத்துவிட்டதாக ரிப்போர்ட் வந்தது. “மூட்டை கட்டுங்க” என்றார் மேலாளர்.

அவர்கள் செய்தது எம்.டி.டி. சோதனை. 1983இல் மோஸ்மன் வெளியிட்ட முறை. மஞ்சள் நிற எம்.டி.டி. சாயத்தை உயிருள்ள செல்கள் ஊதா நிற ஃபார்மசான் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து நிறத்தை அளந்தால் உயிரோடிருப்பவை எவ்வளவு என்று தெரியும். ஆக, நாம் செல்லை எண்ணவில்லை, நிறத்தைத்தான் அளக்கிறோம்!

அன்றிரவு சாரின் கேள்வி காதில் ஒலித்தது. ரிப்போர்ட்டைப் புரட்டினேன். செல் இல்லாமல், ஃபார்மசானையும் நானோகுழாயையும் மட்டும் சேர்த்துப் பார்த்த ரீடிங் எங்கும் இல்லை.

தேடியபோது, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரை கிடைத்தது. அவர்களுக்கும் எம்.டி.டி.யில் ஏறக்குறைய பாதி செல்கள் செத்ததாகவே தெரிந்தது. டபிள்யூ.எஸ்.டி.-1 என்ற வேறு சாயத்தில் பாதிப்பே இல்லை. காரணம், ஃபார்மசான் படிகங்கள் நானோகுழாயோடு ஒட்டிக்கொண்டு கரைய மறுத்தன. நிறம் குறைந்தது, செல் சாகவில்லை. டபிள்யூ.எஸ்.டி.-1 தரும் நிறமோ தண்ணீரிலேயே கரைவது.

எங்கள் சோதனையைத் திரும்பச் செய்தோம். அதே கதைதான்.

அதற்காகப் பூச்சு பாதுகாப்பானது என்று நான் துள்ளிக் குதிக்கவில்லை. நீளமான நானோகுழாய்கள் எலிகளின் வயிற்றறையில் ஆஸ்பெஸ்டாஸ் போலவே அழற்சி உண்டாக்கியதாக 2008இல் ஆய்வு வந்திருக்கிறது. எங்கள் தொழிலாளர்கள் முகமூடியைக் கழற்ற நான் விடவில்லை. பொய்ச்சாட்சி ஒன்று விலகியது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கிராஃபீன் ஆக்சைடு, செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடிருப்பதாகத் தெரியும். அந்த ரிப்போர்ட்டை நம்பினால் யார் நுரையீரலுக்கு ஆபத்து?

தம்பி தங்கைகளே, லேபில் பிளாங்க் கேட்கும் ஆசிரியரைக் கேலி செய்யாதீர்கள். சார் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சார், இந்தத் தடவை பார்த்துட்டேன்!